சிகப்பி, ஏ பாசிட்டிவ்

பெயர் சிகப்பி.
இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை
பதிவேட்டில் நான்தான் எழுதுகிறேன்.
எழுதிவிட்டு
கீழிமையை விரலால் இறக்கிப் பார்ப்பேன்.
உள்ளே ஊறவைத்த அரிசியின் வெள்ளை.
"பேசாம வெளுப்பின்னு மாத்திக்கிறேன் சிஸ்டர்."
ஏழு வருடமாகச் சொல்கிறாள்.
ஏழு வருடமாகச் சிரிக்கிறேன்.

அப்பாவுக்குக் கல்லுக்கட்டிப் பக்கம் இரும்புக் கடை.
ஏற்றுகிற ஒவ்வொரு பையும்
இவளுக்குள்ளும் கொஞ்சம் இரும்பை வைத்துவிட்டுப் போகிறது,
ஈரலில், இதயத்தில்.
அதை வெளியேற்றக் காலையில் ஒரு மாத்திரை,
தண்ணீரில் கலக்கினால் சுண்ணாம்பு மாதிரி.
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.
"கடையில சரக்கு தீந்தா
அப்பா எங்கிட்டதான் வரணும்."

சித்திரையில் மிஸ் செட்டிநாடு போட்டி.
தேதி அறிவித்த அன்றே
காலண்டரோடு வந்து நின்றாள்.
எண்ணிப் பார்த்தோம்.
பத்தொன்பதாம் நாள்.
பத்தொன்பதில் அவளுக்கு மாடிப்படி ஒரு மலை.
டாக்டரிடம் மன்றாடி நாலு நாள் முன்னே இழுத்தேன்.
யாருடைய ரத்தமோ
அன்று மேடையில் அவள் கன்னத்தில் வெட்கப்பட்டது.
'மேக்கப் தேவைப்படாத முகம்' என்று
பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.
கத்தரித்துக் கொண்டுவந்து
ரத்தப் பெட்டியின் கதவில் அவளே ஒட்டினாள்.

திறமைச் சுற்றில் கரகம் ஆடியிருக்கிறாள்.
"கிரீடம் நிக்க ஆறு ஊசி குத்துனாங்க சிஸ்டர்.
கரகத்துக்கு ஒண்ணும் வேணாம்.
நாம அதை நம்புனா போதும்."
ஊசிக் கணக்கில் மட்டும்
அவள் தப்பு விட்டதே இல்லை.

ஆடியில் செக்காலை ரோட்டு மகாலில் முகாம்.
பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு
படுக்கை படுக்கையாகப் போனாள்.
பிஸ்கட் கொடுத்தாள், மாம்பழச் சாறு கொடுத்தாள்,
பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டாள்.
பதினேழாம் நாள்.
உதட்டுச் சாயம் வழக்கத்தைவிட அடர்த்தி.
எனக்கு மட்டும் புரிந்தது.

பரோட்டாக் கடைப் பையன் ஒருவன்.
எரியூர்க்காரன், கலைமணி.
முழங்கையில் காயாத மைதா.
ஊசியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டான்,
"நீங்க குடுத்துட்டீங்களாக்கா?"

போட்டோக்காரர் கேமராவை இறக்கவில்லை.
நான் பஞ்சை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மைக்கில் பேசுகிற குரல் இல்லை அது.
"நான் வாங்குற ஆளுப்பா.
முன்னூத்திச் சொச்சம் தடவை."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"சாப்பிட்டீங்களாக்கா?" என்றான்.
பிறகு பந்தை அழுத்த ஆரம்பித்தான்.

நாலாம் நாள் அவளுக்கு வந்த பை
ஏ பாசிட்டிவ்.
அந்த எண்ணை ஒட்டியது நான்தான்.
"யாரோடது சிஸ்டர்?"
ஒவ்வொரு முறையும் கேட்பாள்.
"நம்பர் மட்டும்தான் தெரியும்."
ஒவ்வொரு முறையும் அது உண்மை.
அன்றைக்கு மட்டும் இல்லை.

சொட்டு சொட்டாக இறங்கியது.
பட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு
போனில் பேரம் பேசினாள்.
"குன்றக்குடி ப்ரோக்ராம் வெள்ளி வேணாண்ணே,
அடுத்த ஞாயிறு?
இல்லண்ணே, வீட்ல ஒரு விசேஷம்."
எங்கள் வார்டுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள்:
விசேஷம், பரீட்சை, சித்தப்பா வீடு.

மூன்றாம் மணி நேரத்தில் அவளுக்குப் பசிக்கும்.
"என்ன வேணும்?" என்றேன்.
பரோட்டா என்று சொல்லியிருந்தால்
கதை மாதிரி இருந்திருக்கும்.
தயிர்சாதம் கேட்டாள்.

வாங்கி வந்தேன்.
இடக்கையை அசைக்காமல்
வலக்கையால் பிரித்துப் பார்த்தாள்.
முகம் சுருங்கியது.
ஊறுகாய் வைக்க மறந்திருந்தார்கள்.